எச்சில் மாதிரியும் என் மகளின் தொழிலும்: மரபணு வழிகாட்டல் சேவை ஒன்றின் மதிப்புரை

கடந்த ஆண்டு என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது, காட்பாடியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சியில், மரபணுப் பரிசோதனையின் அடிப்படையில் மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டுவதாகச் சொன்ன ஒரு சேவைக்கு 14,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். எச்சில் மாதிரி சேகரிப்பு, அறிக்கை, ஒரு மணி நேர ஆலோசனை ஆகிய மூன்றும் அந்தக் கட்டணத்தில் அடங்கும் என்றார்கள். இதே முறையில் இயங்கும் சேவைகள் இன்று பல இருப்பதாலும், நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த முறைக்கே உரியவை என்பதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைக்குத் துணையாக இருக்கும் என்று நம்பிப் பணம் கட்ட நினைக்கும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளாக விலங்கியல் கற்பிக்கிறேன். மெண்டலின் பட்டாணிச் செடிகளைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான் ஏன் இதற்குப் பணம் கட்டினேன் என்று கேட்டால், வீட்டில் நடந்துகொண்டிருந்த வாக்குவாதம்தான் காரணம். கணவருக்குப் பொறியியல், மாமியாருக்கு மருத்துவம், என் தம்பிக்குக் கணினி அறிவியல் என்று ஆளுக்கொரு விருப்பம் இருந்தது. மகளோ பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்தாள். அறிவியலே ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் பேச்சு அடங்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுக்க வந்த பெண் குறித்த நேரத்துக்கு வந்தார். அரை மணி நேரம் முன்பிருந்தே எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்பதை முதல் நாளே தொலைபேசியில் நினைவூட்டியிருந்தார். குழாயில் எச்சிலை வாங்கி, பதப்படுத்தும் திரவத்தைக் கலந்து, எண் ஒட்டி எங்கள் கண்முன்னே முத்திரையிட்டார். ஐந்து வாரத்தில் அறிக்கை வரும் என்றார்கள்; நான்கு வாரம் முடிவதற்குள்ளேயே வந்தது. ஆய்வகப் பணியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மனித மரபணுத் தொகுதியின் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில், மனிதருக்கு மனிதர் மாறுபடக்கூடிய சில இலட்சம் இடங்களை மட்டும் ஒரு சில்லு வழியாகப் படிக்கும் தொழில்நுட்பம் இது. எழுத்தைப் படிப்பதில் இந்தச் சில்லுகள் மிகுந்த துல்லியம் உடையவை. படித்த எழுத்துக்கு என்ன பொருள் சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒன்பது பக்கப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மகளின் மரபணுத் தரவைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்காகப் பிற நிறுவனங்களுடன் பகிரலாம் என்ற வரிக்கு எதிரே முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. நான் கவனித்து அதை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டேன். 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதல் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இல்லாவிட்டால் எப்படி ஒப்புதலாகும்? மேலும் மரபணுத் தரவு மகளுக்கு மட்டும் உரியதன்று. அதில் பாதி என்னுடையது, பாதி என் கணவருடையது, எந்த ஒப்புதலும் தராத அவள் தம்பியோடும் பெருமளவு பகிர்ந்துகொண்டது. மாதிரி எடுப்பவர் இதையெல்லாம் இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அறிக்கை 48 பக்கம். வழவழப்பான தாள், கண்ணைக் கவரும் அச்சு. இடர் ஏற்கும் துணிவு, தலைமைப் பண்பு, கூடிப் பணியாற்றும் இயல்பு, அழுத்தம் தாங்கும் திறன், புதுமை நாட்டம், மொழித்திறன் என்று இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் வரையப்பட்டிருந்தன. கடைசிப் பகுதியில் ‘பொருந்தும் தொழில்கள்’, ‘கவனத்துடன் அணுக வேண்டிய தொழில்கள்’ என்று இரண்டு பட்டியல்கள். தரவுப் பகுப்பாய்வும் நூலக அறிவியலும் கணக்காய்வும் முதல் பட்டியலில் இருந்தன. செவிலியர் பணியும் அவசரச் சிகிச்சையும் இரண்டாவதில், சிவப்பில் இருந்தன.

எந்த ஆதாரத்தில் இந்தச் சிவப்பு வந்தது என்று தேடினேன். ‘காம்ட்’ என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் மரபணு அது. 158-ஆம் இடத்தில் வாலின் அமினோ அமிலம் வந்தால் நொதி வேகமாகவும், மெத்தியோனின் வந்தால் மெதுவாகவும் செயல்படும். இவ்வளவும் உறுதியான உயிர்வேதியியல். வகுப்பில் நானே தயங்காமல் கற்பிப்பேன். ஆனால் மெதுவான வகையைப் பெற்றவர் கவலைப்படுபவர், வேகமான வகையைப் பெற்றவர் போர்வீரர் என்று சொல்லத் தொடங்கியதும் நாம் வேதியியலை விட்டு வெகுதூரம் வந்துவிடுகிறோம். ஒரு மரபணுவை எடுத்து ஒரு குணத்தோடு முடிச்சுப் போடும் இத்தகைய ஆய்வுகள் 1990-களில் பெருகின; பெரும்பாலானவை சில நூறு பேரை மட்டும் கொண்டு செய்யப்பட்டவை. பின்னர் இலட்சக்கணக்கானோரின் தரவு கிடைத்தபோது அவற்றில் பல நிலைக்கவில்லை. மனச்சோர்வோடு தொடர்புடையவையாக நெடுங்காலம் கருதப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் வெளிவந்த ஒரு பேராய்வு மீண்டும் சோதித்தபோது, ஏதோ ஒரு மரபணுவை எடுத்திருந்தால் எவ்வளவு தொடர்பு கிடைத்திருக்குமோ அதற்கு மேல் அவற்றில் எதிலும் கிடைக்கவில்லை.

‘புதுமை நாட்டம்’ பக்கத்தில் இதைவிடக் கடுமையான பிழை ஒன்றைக் கண்டேன். அங்கே குறிப்பிடப்பட்டிருந்தது டிஆர்டி4 மரபணு. அதைப் புதுமை நாட்டத்தோடு இணைத்து 1996-இல் புகழ்பெற்ற ஆய்வுகள் பேசியது ஓர் எழுத்து மாற்றத்தைப் பற்றியன்று. 48 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு அந்த மரபணுவில் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பற்றியது. தனி எழுத்து மாற்றங்களைப் படிக்கும் சில்லால் இந்தத் திரும்பல்களை நேரடியாக எண்ண முடியாது. அப்படியிருக்க, என் மகளுக்கு அந்தத் துண்டு நான்கு முறை வருகிறது என்று அறிக்கை எந்த வழியில் கண்டுபிடித்தது? மின்னஞ்சலில் இரண்டு முறை கேட்டேன். ‘எங்களுக்கே உரிய கணிப்பு முறை’ என்ற விடைக்கு மேல் எதுவும் வரவில்லை. 14,000 ரூபாய் கொடுத்த ஒருவர் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி இதுதான். இதற்கு விடை தராத அறிக்கையின் மற்றப் பக்கங்களை எப்படி நம்புவது?

இதனால் வேலைக்கும் இயல்புக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். தொடர்பு உண்டு, அதை மறுப்பவர்களும் அறிவியலைச் சரியாகச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுக் கால இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1 கோடியே 45 இலட்சம் இரட்டையர் இணைகளைக் குறித்த முடிவுகளிலிருந்து, மனிதப் பண்புகளில் காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபு வழியானது என்று கணக்கிட்டது. பிறந்ததும் பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒருகரு இரட்டையர்களை அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தினர் 1979 முதல் ஆராய்ந்தார்கள். அவர்களில் 34 இணைகளைக் கொண்டு 1989-இல் வந்த கட்டுரை, செய்யும் வேலையில் ஒருவருக்குக் கிடைக்கும் மனநிறைவில் காணும் வேறுபாட்டிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு மரபைச் சார்ந்தது என்றது. 34 இணைகள் மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டாலும், வேலையில் மனம் ஒன்றுவது சம்பளத்தையும் மேலாளரையும் மட்டும் பொறுத்ததன்று என்ற அந்த எண்ணம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

ஆனால் இந்த விழுக்காட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அந்த 48 பக்கங்களில் ஒரு வரியில்கூட விளக்கவில்லை. எங்கள் மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக்கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பல வகைக் கத்திரி விதைகளை ஒரே வயலில், ஒரே நீர் பாய்ச்சி, ஒரே எரு இட்டு வளர்த்தால், செடிக்குச் செடி தெரியும் வேறுபாடு பெரும்பாலும் விதையால் வந்ததாக இருக்கும். ஒரே வகை விதையைப் பாதி இலவம்பாடி மண்ணிலும் பாதி உவர் நிலத்திலும் போட்டால், வேறுபாடு பெரும்பாலும் மண்ணால் வந்ததாக இருக்கும். விதை இரண்டு இடத்திலும் அதே விதைதான், மாறியது கணக்கு. மரபின் பங்கு என்று அறிவியலார் சொல்லும் எண் ஒரு வயல் முழுவதிலும் காணும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனிச் செடியைக் காட்டி, இதன் காயில் பாதி விதையால் வந்தது, பாதி மண்ணால் வந்தது என்று எவராலும் பிரிக்க முடியாது. என் மகள் ஒரு தனிச் செடி.

இன்றைய ஆய்வுகள் ஒற்றை மரபணுவைத் தேடுவதை விட்டுப் பல நாள் ஆகிறது. படிப்பில் ஒருவர் செலவிடும் ஆண்டுகளோடு தொடர்புடைய மரபணு இடங்களைத் தேடி 2022-இல் வெளியான ஆய்வு 30 இலட்சம் பேரின் தரவிலிருந்து 3,952 இடங்களைக் கண்டது. மரபணுத் தொகுதி முழுவதிலும் உள்ள சிறு விளைவுகளையெல்லாம் கூட்டிச் செய்த மதிப்பீடு, படிப்பு ஆண்டுகளில் காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காடு வரை விளக்கியது. அதிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டபோது, அந்தத் தொடர்பின் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்காத மரபணு வகைகள்கூட அந்தப் பிள்ளையின் படிப்போடு தொடர்புடையவையாக இருப்பதை 2018-இல் ஐஸ்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. தாயின் மரபணு தாயின் இயல்பை வளைக்கிறது. அந்த இயல்பு வீட்டை உருவாக்குகிறது. பிள்ளை அந்த வீட்டில் வளர்கிறது. எச்சிலில் இருப்பதாக நாம் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் வீட்டுத் திண்ணையிலும் புத்தக அலமாரியிலும் இருக்கிறது. தவிரவும், அந்த 30 இலட்சம் பேரும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அவர்களிடம் கிடைத்த மரபணு மதிப்பீட்டைத் தெற்காசியர்களுக்குப் பொருத்தும்போது துல்லியம் குறைகிறது என்பது இத்துறையினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட செய்தி. அணைக்கட்டிலும் குடியாத்தத்திலும் பிறந்து வளர்ந்தவர்களின் வழிவந்த என் மகளுக்கு அந்த அளவுகோலை வைப்பவர்கள் அதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மரபணு எழுத்து வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஹீமோபிலியா ஏ நோயில் ஒரே மரபணு பழுதானால் இரத்தம் உறைவது தடைப்படுகிறது. எங்கள் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அந்த நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, அதன் முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள்; அது படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வகுப்பில் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டேன். அங்கே காரணம் ஒன்று, விளைவு ஒன்று, இரண்டுக்கும் இடையே உள்ள பாதை முழுவதும் தெரிந்த பாதை. அந்த உறுதியின் நிழலில் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான இடங்களின் மிகச் சிறு விளைவுகள் வீட்டோடும் பள்ளியோடும் வருமானத்தோடும் பின்னிக் கிடக்கும் தொழில் தேர்வைப் பற்றியும் அதே குரலில் தீர்ப்புச் சொல்வது நேர்மையன்று.

அறிக்கை வந்த இரவு மகள் அதை இரண்டு முறை வாசித்தாள், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இயற்பியல் திருப்புதல் தேர்வுக்குப் புறப்படும்போது, “எனக்குப் பதற்றம் இரத்தத்திலேயே இருக்குதாம் அம்மா, அதை நான் எப்படி மாத்திக்க முடியும்?” என்று கேட்டாள். அதுவரை தேர்வுப் பயம் என்பது முந்தின நாள் சரியாகத் தூங்காததால் வருவது, இரண்டு பாடம் கூடுதலாகப் படித்தால் போய்விடுவது. ஒரே இரவில் அது அவளுடைய பிறவிக் குணமாகிவிட்டது. இதை ஒரு தாயின் மிகையான கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலுறுதிக்கு உகந்த மரபணு வகை இருக்கிறது என்று சிலரிடமும் இல்லை என்று சிலரிடமும், அவர்களுடைய உண்மையான மரபணு எதுவாக இருந்தாலும், குருட்டுச் சீட்டுப் போட்டுச் சொல்லிவிட்டு ஓடுபொறியில் மீண்டும் ஓட வைத்தார்கள். இல்லை என்று கேள்விப்பட்டவர்களின் மூச்சுத் திறனே முன்பைவிடக் குறைந்தது. சொன்ன சொல் உடம்பில் இறங்குகிறது. பதினேழு வயதுப் பெண்ணிடம் சிவப்புப் பட்டையைக் கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்தச் சேவையில் நான் மனமார நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். ஆலோசனை தந்த அம்மையார். உளவியல் படித்தவர். பத்து நிமிடத்துக்குள் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, “நர்சிங் வேணும்னு எப்போ தோணுச்சும்மா?” என்று கேட்டார். மகள் தன் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஏழு மாதங்களைப் பற்றிச் சொன்னாள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்த செவிலியரைப் பற்றிச் சொன்னாள். இவ்வளவும் எனக்கே புதிய செய்தி. அந்த அம்மையார் இரவுப் பணி, சம்பளம், வெளிநாட்டு வாய்ப்பு, நோயாளியின் மரணத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்வது ஆகிய அனைத்தையும் மறைக்காமல் பேசினார். ஒரு மணி நேரம் என்று இருந்தது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கட்டிய பணத்தில் பயன் தந்த பகுதி அந்த உரையாடல் ஒன்றுதான். அதற்கு எச்சில் எதுவும் தேவைப்படவில்லை.

வீடு திரும்பும் வழியில் எனக்கு எங்கள் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் நினைவே வந்தது. மருத்துவ ஊழியர்களின் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தும், அந்த வழியில் போவதில்லை என்று உறுதியாக இருந்தவர் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்த பிறகு மனம் மாறி, மருத்துவம் படித்து வந்து, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருடைய எச்சிலை அந்த இரவுக்கு முந்தின நாள் பரிசோதித்திருந்தால் எந்தப் பட்டியலில் எந்தத் தொழில் வந்திருக்கும்? இங்கே ஊரிசுக் கல்லூரியில் படித்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன் மெய்யியலை எடுத்ததற்கும், உறவினர் ஒருவர் படித்து முடித்த மெய்யியல் நூல்களைக் கொடுத்து உதவியது காரணமாயிற்று என்பார்கள். புதிய நூல் வாங்கப் பணம் இல்லாத வீடு அது. தொழில் தேர்வைப் பற்றிய எந்த அறிக்கையிலும் பணத்துக்கு ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். நான் பெற்ற அறிக்கையில் அது இல்லை.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் இடம் தரவில்லை. அறிக்கையோடு வந்த துண்டறிக்கை ஒன்றில், நிறுவனங்களுக்கான திட்டமும் உண்டு என்றும், பணியாளர்களைச் சேர்ப்பதற்கு முன்பும் பதவி உயர்வுக்கு முன்பும் அவர்களின் மரபணு இயல்பை அறியலாம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். என் தம்பி இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறான். “எங்க கிட்டயும் வந்து பேசினாங்க அக்கா, கை மணிக்கட்டு மரத்துப் போறது யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்லிடுவாங்களாம்” என்றான். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுவதும் ஒரே அசைவு. அவர்களின் மணிக்கட்டு நோவதற்கு இருக்கையின் உயரமும், எந்திரத்தின் வேகமும், இடைவேளையின் நீளமும் காரணமா என்று பார்ப்பதை விட்டு, அவர்களின் எச்சிலைப் பார்ப்பது எந்த வகை நியாயம்?

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் ஒரு பெரிய ரயில்வே நிறுவனம், மணிக்கட்டு நோவுக்கு இழப்பீடு கேட்ட தொழிலாளர்களுக்கு அவர்கள் அறியாமலே மரபணுச் சோதனை செய்ததாக 2001-இல் வழக்குத் தொடரப்பட்டு, மறு ஆண்டு 22 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. வேலை தருவதிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுவைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை அந்நாடு 2008-இல் இயற்றியது. நம் நாட்டில் மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்து 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் அத்தகைய பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலை வாசலில் வேலைக்கு நிற்கும் பெண், படிவத்தில் கையொப்பமிட மறுத்தால் வேலை கிடைக்காது என்ற நிலையில், விருப்பத்தோடு ஒப்புதல் தந்தாள் என்று எவரும் சொல்ல முடியாது. தம்பியின் மேலாளர் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன்.

ஆய்வகப் பணிக்கும் ஆலோசகருக்குமாகச் சேர்த்து ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அறிக்கைக்குத் தனியே மதிப்பெண் தர எனக்கு விருப்பமில்லை. குடும்பத்தில் தலசீமியா போன்ற மரபு நோய் இருந்து, அதற்காகப் பரிசோதனை செய்ய நினைப்பவர்கள் இதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அதற்கு மருத்துவமனையின் மரபியல் துறையை அணுக வேண்டும், அது முற்றிலும் வேறு பணி. தொழில் வழிகாட்டலுக்கு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் ‘நான் முதல்வன்’ திட்டம் கட்டணமின்றி இருக்கிறது. பிள்ளை விரும்பும் தொழிலைச் செய்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரோடு ஒரு முழு நாள் இருக்க வைத்தாலும் போதும். நாங்கள் பிறகு அதைத்தான் செய்தோம். பாகாயத்தில் தெரிந்த செவிலியர் ஒருவர் வீட்டுக்கு மகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அனுப்பினேன். திரும்பி வந்தவள் இரவுப் பணியைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பேசினாள், பதற்றத்தைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் தரவை நீக்கிவிட்டு மீதமுள்ள மாதிரியை அழிக்கும்படி பதிவு அஞ்சலில் எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்துத் தரவு நீக்கப்பட்டது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. மாதிரியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, மீண்டும் எழுதியிருக்கிறேன்.